லம்துவானின் இரண்டு சொடுக்கு

லம்துவான் ஒரு இடத்தில் சும்மா உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் தாய்லாந்தின் லம்பாங் ஊரில் யாரும் இல்லை. குதிரைவண்டி நிறுத்தத்தில் மற்றச் சாரதிகள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு வண்டியிலேயே குறட்டை விடுவார்கள். இவள் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பாள். முந்தின நாள்தான் விட்டிருப்பாள். வாரை அவிழ்த்து மறுபடி கட்டுவாள். ஒன்றும் கிடைக்காவிட்டால் பக்கத்து வண்டிக் குதிரைக்குப் பிடரி சீவிவிட்டு அதன் சொந்தக்காரனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அவள் புருஷன் சொல்வான். அவன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பத்து நாள்தான் வீட்டில் இருப்பான். அந்தப் பத்து நாளே அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

வயது நாற்பத்துநாலு. கௌபாய் தொப்பி, முழுக்கைச் சட்டை, தோளில் ஒரு துண்டு. அவளுடைய பெட்டைக் குதிரைக்கு மக்காம் என்று பேர், அதாவது புளி. புளியங்கொட்டை நிறம், பன்னிரண்டு வயது. விடிந்ததிலிருந்து அடையும்வரை லம்துவான் அதனிடம் பேசிக்கொண்டே இருப்பாள். மழை வருமா, புருஷன் போன் எடுக்காதது ஏன், பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பாங்காக் அம்மாள் கழுத்தில் கிடப்பது நிஜத் தங்கமா என்று எல்லாமே மக்காம் காதில் விழும். மக்காமுக்குக் கண்மறைப்பு உண்டு, காதுமறைப்பு கிடையாது. பாவம் அது.

அவர்கள் இருவருக்குள் ஒரு வித்தை இருந்தது. லம்துவான் நாக்கைக் கன்னத்தில் வைத்து ஒரு தரம் சொடுக்கினால் மக்காம் நடக்கும். இரண்டு தரம் சொடுக்கினால் ஓரமாக நிற்கும் ஆளிடம் தானாகப் போய், தலையைத் தாழ்த்தி அவர் தோளோடு தோளாக வைத்துக்கொண்டு நிற்கும். போட்டோ எடுக்கத்தான். வெளியூர்க்காரர்கள், "ஐயோ, இதுக்கு என்னைப் பிடிச்சிருக்கு" என்று உருகுவார்கள். லம்துவான் அப்பாவி முகத்தை வைத்துக்கொண்டு, "எல்லார்கிட்டயும் இப்படிப் போகாதுங்க" என்பாள். அந்த வித்தையைப் பழக்க அவளுக்கு ஒரு முழு மழைக்காலம் பிடித்தது. வண்டியில் ஏறின ஆள் மனக்குறையோடு இறங்கக் கூடாது என்பது அவள் தொழில் தர்மம், அதில் அவளுக்குக் கர்வமே உண்டு.

இப்படிப்பட்டவளைப் போய்ச் சும்மா நிற்கும் வேலைக்குக் கூப்பிட்டாள் வாரின். வாரின் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு நர்ஸ். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், மெதுவாகப் பேசுவாள், ஆனால் சொன்னதிலிருந்து ஒரு அங்குலம் நகர மாட்டாள். துக்கத்தில் மூழ்கியவர்கள், தூக்கம் போனவர்கள், வீட்டை விட்டு வெளியே வரப் பயப்படுகிறவர்கள், இப்படி ஊரில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து, புதன்கிழமை சாயங்காலம் ஆற்றங்கரை மைதானத்தில் குதிரையோடு ஒரு மணி நேரம் இருக்க வைப்பது அவள் திட்டம். சவாரி கிடையாது. வட்டமாக ஒரு மூங்கில் வேலி. அதற்குள் குதிரை கயிறு இல்லாமல் உலவும். ஆள் ஒருவர் உள்ளே போவார். குதிரை கிட்டே வந்தாலும் வரும், வராவிட்டாலும் போகும். பிறகு வெளியே பாயில் உட்கார்ந்து, என்ன தோன்றியது என்று பேச வேண்டும்.

"நான் என்ன செய்யணும்?" என்று லம்துவான் கேட்டாள்.

"வேலிக்கு வெளிய நிக்கணும் அக்கா. அது மிரண்டா மட்டும் உள்ள வரணும். மத்தபடி கூப்பிடக் கூடாது, கைல தீனி காட்டக் கூடாது, பேசவும் கூடாது. அது தானா வரணும்."

"பேசாம நிக்கிறதுக்கு எதுக்கும்மா நான்? ஒரு கம்பத்தை நட்டு வச்சிட்டுப் போயேன்" என்றாள் லம்துவான். ஆனாலும் சம்மதித்தாள். புதன்கிழமைகளில் சவாரி குறைவு, வீட்டில் சும்மா இருப்பதைவிட மைதானத்தில் சும்மா நிற்பது மேல் என்று நினைத்திருப்பாள்.

முதல் வாரம் கண்மறைப்பைக் கழற்றியதும் மக்காம் பக்கவாட்டில் இத்தனை உலகம் இருப்பதைக் கண்டு கால்மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு பழகிவிட்டது. பழகாதவள் லம்துவான்தான். வேலி மூங்கிலை நகத்தால் சுரண்டுவாள், ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவாள், துண்டை முறுக்குவாள். உள்ளே ஒரு மனுஷன் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மக்காம் மறுபக்கம் வாலைக் காட்டிக்கொண்டு புல் மேய்ந்தால் அவளுக்கு அவமானமாக இருக்கும். தன் வண்டியில் ஏறின ஆளைத் தானே பாதி வழியில் இறக்கிவிட்ட மாதிரி குமைவாள். வாரினுக்கு அதெல்லாம் கவலையே இல்லை. குதிரை விலகிப் போனபோதுதான் அவள் உற்சாகமாகக் குறிப்பு எழுதுவாள். நூடுல்ஸ் கடைக்காரி ஒருத்தி, "அதுகூட என்னைத் திரும்பிப் பாக்கல" என்று சொல்லி அழ ஆரம்பித்து, செத்துப்போன குழந்தையைப் பற்றி ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பேசினாள். அடுத்த வாரம் அவளுக்கு ராத்திரி தூக்கம் வந்தது. இது எப்படி நடந்தது என்று லம்துவானுக்கு விளங்கவில்லை. குதிரை வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றியது.

தவின் என்பவர் அந்தக் கூட்டத்தில் ஏழு வாரம் வாயே திறக்காமல் இருந்தார். அறுபத்தேழு வயது. ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டையின் மேல் பட்டனையும் போட்டிருப்பார். மக்காம் அவரிடம் ஒரு தரமும் போனதில்லை. அவரும் போய்த் தொட்டதில்லை. ஏழு புதன்கிழமை இருவரும் ஒரே வேலிக்குள் முன்பின் தெரியாதவர்களாக நின்றார்கள். லம்துவானுக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

எட்டாவது வாரம் பாயில் உட்கார்ந்து அவர் தானாகப் பேசினார். அவர் மனைவி பிக்குன் போய் ஒன்றேகால் வருஷம் ஆகிறது. ரயிலடிக் குவார்ட்டர்ஸ் வாசல் வழியாகத்தான் சாயங்காலம் குதிரைவண்டிகள் லாயத்துக்குத் திரும்பும். முப்பத்தொரு வருஷம் அவள் அதைப் பார்த்துக்கொண்டு, ஒரு நாள் ஏறி ஊரைச் சுற்றி வரலாமா என்று கேட்டாள். முப்பத்தொரு வருஷம் அவர் சிரித்துத் தள்ளினார். லம்பாங் ஊர்க்காரன் எவனாவது பூமாலை போட்ட அந்த வண்டியில் ஏறுவானா? சொந்த ஊரைப் பார்க்கக் காசு கொடுக்கும் பைத்தியம் என்று ரயிலடி முழுக்கச் சிரிக்காதா? ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்திலும் அவள் கேட்டிருக்கிறாள். முதலில் எழுந்து நட, அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள். தூக்கமா கோபமா என்று தெரியாமல் ஒன்றேகால் வருஷமாக அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார் தவின்.

சொல்லிவிட்டு எழுந்து வேலிக்குள் போனார். லம்துவான் நாலு முழம் தள்ளித்தான் நின்றிருந்தாள். அவர் முணுமுணுத்தது அவளுக்கு மட்டும் கேட்டது.

"பிக்குன், கோவம் போயிருந்தா கிட்ட வா. போகலைன்னா வராதே."

மக்காம் ஒரு காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பியது. புல்லிலிருந்து வாயை எடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் போயிற்று, பத்து நிமிஷம் போயிற்று. வாரின் கடிகாரத்தைப் பார்த்தாள். லம்துவானால் பொறுக்க முடியவில்லை. ஒரு கிழவன் பொண்டாட்டியிடம் மன்னிப்புக் கேட்டு நிற்கிறான், இந்தக் கழுதை, குதிரையாகப் பிறந்தும் கழுதை, புல் தின்கிறது. தவளை தன் வாயால் கெடும் என்பது அவளுக்கும் தெரியும். துண்டால் வாயைத் துடைப்பது போல் மூடிக்கொண்டு இரண்டு தரம் சொடுக்கினாள்.

மக்காம் தலையைத் தூக்கியது. நேராக நடந்து வந்து தவினின் தோளில் தாடையை வைத்து நின்றது. அவர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் பாயில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள். வாரின்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். லம்துவானும் அழுதாள். அன்று சாயங்காலம் ஒட்டரிசிச் சோற்றையும் சுட்ட மிளகாய்த் துவையலையும் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டு, ஊரில் ஒரு மனுஷனையாவது இன்றைக்குக் கரையேற்றினோம் என்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அந்த நிம்மதி மூன்று நாள்கூட நீடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தவின் வண்டி நிறுத்தத்துக்கு வந்தார். புதுச் சட்டை, சவரம் செய்த முகம். மனைவி வளர்த்த ஆர்க்கிட் தொட்டிகள் நாலை லம்துவானிடம் கொடுத்து, தண்ணீர் அதிகம் ஊற்றிவிடாதே என்று சொன்னார். ஏன் மாமா கொடுக்கிறீர்கள் என்றதற்கு, இனிமேல் எனக்கு எதற்கு என்று சிரித்தார். இத்தனை நாளில் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. சனிக்கிழமை, அவருடைய சைக்கிள் ரயிலடிக் காவல்காரனிடம் போய்விட்டதாகவும், சேவல் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டதாகவும் கேள்விப்பட்டாள். பூவும் மெழுகுவர்த்தியும் பொரியும் கையில் ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறாராம். ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். மழைக்கால விரதம் தொடங்க இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது, மூன்று மாதம் பிக்குவாகக் காவி கட்டப் போகிறார், அதற்குத்தான் எல்லாவற்றையும் துறக்கிறார், நல்ல முடிவு என்றார்கள். காவி கட்டப் போகிறவர்கள் அப்படிச் செய்வதுதான் வழக்கம்.

லம்துவானும் அப்படியே நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரே வாரை நாலு தரம் அவிழ்த்துக் கட்டினாள். மக்காமின் தாய்க் குதிரை செத்தது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. குதிரைக்குக் குடல் முறுக்கிக்கொண்டால் தரையில் விழுந்து புரளும், வயிற்றையே உதைத்துக்கொள்ளும். பார்க்கச் சகிக்காது. பிறகு திடீரென்று எழுந்து அமைதியாக நிற்கும். தெரியாதவன் பிழைத்துவிட்டது என்று கும்பிடுவான். சாரதி கும்பிட மாட்டான். உள்ளே குடல் கிழிந்துவிட்டால்தான் அந்த அமைதி வரும் என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்கு லம்துவானுக்குத் தெரியாது. நல்லாயிருச்சு நல்லாயிருச்சு என்று குதித்துக்கொண்டு தீனி எடுத்து வரப் போனாள். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

திங்கள்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்ப் பெரிய பிக்குவிடம் கேட்டாள். இந்த வருஷம் காவி கட்டப் பேர் கொடுத்தவர்கள் ஆறு பேர், அதில் தவின் இல்லை, வந்து கேட்கவும் இல்லை என்றார். வேறு கோயிலாக இருக்கலாம் என்று அவரே ஆறுதலும் சொன்னார். லம்துவான் வண்டி நிறுத்தத்துக்குத் திரும்பினாள். பாங்காக்கிலிருந்து வந்த ஒரு தம்பதி ஏறிக்கொண்டார்கள். மணிக்கூண்டைச் சுற்றி, ஆற்றங்கரை வழியாகப் போய்த் திரும்ப வேண்டும். பாதி வழியில் அவளால் முடியவில்லை. பாலத்தில் இடது பக்கம் திரும்ப வேண்டியவள் வலது பக்கம், ரயிலடிப் பக்கம், வண்டியைத் திருப்பினாள்.

"இது ரூட்ல உண்டா?" என்று பின்னாலிருந்து அந்த அம்மாள் கேட்டாள்.

"இன்னைக்கு உண்டு."

ஒரு கையில் கடிவாளம், மறு கையில் போன். வாரினைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். துண்டால் வாயை மூடியது, சொடுக்கியது, ஆர்க்கிட், சேவல், கோயில் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னாள். பிறகு வாரினின் குரல் வந்தது. எப்போதையும்விட மெதுவாக இருந்தது.

"அக்கா, நேரா அவர் வீட்டுக்குப் போங்க. தனியா விடாதீங்க. அரைமணி நேரத்துல வந்துடறேன். உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா உடைஞ்சு போயிடுவாரே."

"உடையட்டும். நாங்க இருக்கோம். சொல்லாம விட்டாத்தான் பயம்."

தவினின் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கதவு மட்டும் திறந்திருந்தது. உள்ளே பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, கழுவின கிண்ணங்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன, சுவரில் காலண்டர் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அவர் கையில் பூவும் பொரியுமாக வெளியே வந்தார். உன்னிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றிருந்தேன், நீயே வந்துவிட்டாய் என்றார். முகம் அவ்வளவு அமைதியாக இருந்தது.

"கேக்க வேண்டியது நான் மாமா. உங்களை ஏமாத்திட்டேன். மக்காம் தானா வரல. நான்தான் சொடுக்குப் போட்டுக் கூப்பிட்டேன்."

அவர் அதே சிரிப்போடு தலையசைத்தார். அவள் தன் மேல் பழி போட்டுக்கொள்வதாக நினைத்தார் போலிருக்கிறது. நீ கூப்பிட்டிருக்கலாம், ஆனால் வந்தது பிக்குன், எனக்குத் தெரியும் என்றார். எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. பூவை நீட்டிக்கொண்டே நின்றார். லம்துவான் திரும்பிப் பார்த்தாள். பாங்காக் ஆள் வண்டியிலிருந்து இறங்கி, எதிர்ச்சாரியில் மரநிழலில் நின்று விசிறிக்கொண்டிருந்தான். இதைவிடக் கொடுமையான காரியம் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்று அவள் பிறகு சொன்னாள். ஆனால் அந்த நேரத்தில் வேறு வழி தோன்றவில்லை.

"நல்லாப் பாருங்க மாமா" என்றாள். இந்தத் தடவை வாயை மூடிக்கொள்ளாமல், அவர் பார்க்கவே, இரண்டு தரம் சொடுக்கினாள்.

மக்காம் வண்டியோடு தெருவைக் கடந்து போய், பாங்காக் ஆளின் தோளில் தலையை வைத்துக்கொண்டு நின்றது. அவன் பூரித்துப் போனான். அவன் மனைவி வண்டியில் இருந்தபடியே அஞ்சாறு போட்டோ எடுத்தாள். இதுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு என்று அவள் சொன்னது தெருவுக்கே கேட்டது.

தவின் அதைப் பார்த்தபடி நின்றார். முகத்திலிருந்த அமைதி கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"அப்ப அவ மன்னிக்கல."

"தெரியாது மாமா. குதிரைக்கு அதெல்லாம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது புல்லும் போட்டோவும்தான். நீங்க கேட்டதுக்குப் பதில் இன்னும் வரல. அதுதான் நிஜம்."

அவர் பூவையும் பொரியையும் அவள் முகத்தில் எறிந்தார். பிறகு திட்ட ஆரம்பித்தார். நாற்பது வருஷ ரயில்வேயில் கேட்ட வசவு அத்தனையும் வந்தது. வேஷக்காரி, வண்டியில் ஏறியவனை எல்லாம் ஏய்த்துப் பிழைக்கிறவள், செத்தவளை வைத்து வித்தை காட்டினவள் என்று பக்கத்து வீட்டுக் கதவெல்லாம் திறக்கும்படி கத்தினார். லம்துவான் பொரியைத் தலைமுடியிலிருந்து தட்டிக்கூட விடாமல் நின்றாள். திட்டத் திட்ட அவளுக்கு உயிர் வந்தது. அமைதியாகிவிட்ட குதிரை மறுபடி உதைக்கத் தொடங்கினால் எந்தச் சாரதிக்குத்தான் சந்தோஷமாக இராது? கடைசியில் அவர் படியில் உட்கார்ந்து அழுதார். மைதானத்தில் அழுத அழுகை இல்லை இது, அசிங்கமான, மூக்கொழுகுகிற அழுகை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே, பாலத்துப் பக்கம் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் நிமிர்ந்து பார்த்தாள். வாரின் வந்தபோது அவர், பிக்குன்தான் மன்னித்துவிட்டாளே என்று இன்றைக்குச் சாயங்காலத்துக்கு மேல் உயிரோடு இருக்க எண்ணமில்லாமல் இருந்தேன் என்று தானாகவே சொன்னார். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். தங்கை மகன் வந்து கூட இருந்தான்.

மறுநாள் வாரின் லம்துவானைக் கூப்பிட்டு அனுப்பினாள். குரலை உயர்த்தாமலே அவள் பேசியது அத்தனை வசவையும்விட வலித்தது.

"குதிரை கிட்ட வர்றது மருந்து இல்லக்கா. அது வராதப்ப அந்த மனுஷன் வாயிலேருந்து என்ன வருதோ, அதுதான் மருந்து. அன்னைக்கு அவர் சொல்ல வேண்டியதை நீங்க பிடுங்கிட்டீங்க."

இனி வர வேண்டாம் என்று வாரின் சொல்வதற்கு முன்பே, வர மாட்டேன் என்று லம்துவானே சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். ஐந்து வாரம் புதன்கிழமைகளில் சவாரி கிடைக்காதா என்று மணிக்கூண்டை நாய் மாதிரி சுற்றினாள். போட்டோவுக்கு நின்றவர்களிடம் மக்காமை அனுப்ப நாக்கு எழவில்லை. மற்றச் சாரதிகள், உன் குதிரைக்கு எல்லாரையும் பிடிக்காமல் போய்விட்டதா என்று கிண்டல் செய்தார்கள்.

ஆறாவது வாரம் வாரினே வண்டி நிறுத்தத்துக்கு வந்தாள். தவின் இப்போது தங்கை மகன் வீட்டில் இருக்கிறார், மாத்திரை சாப்பிடுகிறார், வாரத்துக்கு இரண்டு தரம் தன்னிடம் வந்து பேசுகிறார் என்றாள். மைதானத்துக்கு மறுபடி வரச் சம்மதித்திருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை. அதே குதிரை வேண்டும். அந்தப் பொய்க்காரி தன் கண்ணுக்கு நேரே, வாயில் துண்டு இல்லாமல் நிற்க வேண்டும்.

புதன்கிழமை லம்துவான் நின்றாள். துண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தவின் வேலிக்குள் வந்து மைதானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் முக்காலியை அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மேல் பட்டன் போட்டிருக்கவில்லை. குதிரையைப் பார்க்கவில்லை, அவள் வாயையே பார்த்தார். லம்துவான் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டாள். கால்விரல்கள் செருப்புக்குள் சுருண்டு சுருண்டு நிமிர்ந்தன. மக்காம் மறுகோடியில் மேய்ந்தது. ஒரு தரம் நிமிர்ந்து அவர் பக்கம் மூன்று அடி வைத்தது. வா, வந்துடு, என் தாயே வந்துடு என்று லம்துவான் உள்ளுக்குள் கதறினாள். மக்காம் அங்கே ஒரு நல்ல புல்லைக் கண்டு தலையைக் குனிந்துகொண்டது. அப்புறம் வரவே இல்லை.

வாரின் நேரம் முடிந்தது என்றாள். தவின் மெல்ல எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். முக்காலியைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் வந்து லம்துவானுக்கு எதிரே நின்றார்.

"வரல."

"வரல மாமா."

"நீ கூப்பிடல."

"கூப்பிடல. சத்தியமா."

"தெரியும். பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்." முக்காலியை வேலிமேல் சாய்த்து வைத்தார். குரல் கரகரத்தது. "அவகிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன். பதில் வராம நான் எங்கயும் போறதா இல்ல."

லம்துவானுக்குக் கண் பொங்கிக்கொண்டு வந்தது. அதை மறைக்க மக்காமைப் பார்த்தாள். அது இன்னும் மேய்ந்துகொண்டிருந்தது.

"இது பிடிவாதம் பிடிச்ச ஜென்மம் மாமா. வருஷக்கணக்கா ஆகும்."

"ஆகட்டும்" என்றார் தவின்.